ஈர மணல் நாய்க்கு, உலர்ந்த மணல் ஆமைக்கு

கேள்வி: கால்நடை டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் பினாங்குத் தீவின் வடக்குக் கரையில், தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் தரைவீட்டில் இருக்கிறோம். எங்களிடம் கருப்பன் என்று ஒரு கம்பத்து நாய் (நாட்டு நாய்) இருக்கிறது, நான்கு வயது. மார்க்கெட்டுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததை என் மகன் தூக்கி வந்தான். தினமும் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்து விடுவேன், ஆசைதீர ஓடும். இப்போது எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஆமை முட்டையிடும் இடம், பறவை வரும் இடம், நாயை அடியோடு தடை செய்யுங்கள் என்று மாநகர் மன்றத்துக்கு மனு எழுதப் போகிறார்கள் ஒரு பக்கம். கடலையே மண் கொட்டித் தூர்க்கிறார்கள், சாக்கடை நீர் கலக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு நாய்தான் கண்ணில் பட்டதா என்று கேட்கிறார்கள் மறுபக்கம். அடுத்த கூட்டத்தில் நான் பேசவேண்டும். ஒரு நாய் ஓடுவதால் கடற்கரைக்கு உண்மையிலேயே கெடுதலா? நான் யார் பக்கம் நிற்பது?

தஞ்சோங் பூங்கா வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கெடுதல் உண்டு. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், கயிறு இல்லாமல் ஓடினால் சில இடங்களில், சில நேரங்களில் பெரிய சேதம் செய்துவிடும். அதற்காக நாயை அடியோடு தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

பினாங்கில் ஆமை என்றதும் எல்லாருக்கும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட்தான் நினைவுக்கு வரும். மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் 1995லிருந்து அங்கே நடக்கிறது. பக்கத்துத் தெலுக் கம்பியிலும் ஆமை ஏறும். பூங்காவுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோகக் கூடாது, அதனால் அங்கே நமக்குள் தகராறு இல்லை. ஆனால் பூங்காவின் எல்லை எங்கே முடிகிறது என்று ஆமைக்குத் தெரியாதே. தெலுக் பஹாங், பத்து பெரிங்கி, உங்கள் தஞ்சோங் பூங்கா என்று ஆள் நடமாட்டம் உள்ள கரைகளிலும் அவ்வப்போது ஏறி முட்டையிட்டிருக்கிறது.

பச்சைக் கடலாமை ஒரு தடவையில் சுமார் 100 முட்டை இடும். இரவில் வந்து, பின்துடுப்பால் குழி தோண்டி, முட்டையிட்டு மூடி, மேலே மணலை வாரியிறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் அந்த முட்டைகள் மணல் சூட்டில் யாரும் தொடாமல் கிடக்கவேண்டும். அலை எட்டாத உயரத்தில், உலர்ந்த மணலில், பெரும்பாலும் அடம்பன் கொடி படர்ந்திருக்கும் ஓரத்தில்தான் குழி இருக்கும். ஆமை அடும்பங்கொடியைச் சிதைத்து வெள்ளை மணலில் முட்டையை மறைப்பதை நம் சங்கப் புலவர்களே பார்த்துப் பாடியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு ஆகியும் அது இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் கண்ணுக்கு அது வெறும் மணல்மேடு. கருப்பனின் மூக்குக்கு அப்படியில்லை. முட்டையிட்ட மறுநாளும், குஞ்சுகள் ஓட்டை உடைத்து மேலே வரத் தொடங்கும் நாளிலும் குழியிலிருந்து வாடை எழும். இங்கே ஏறும் இன்னொரு வகையான ஒலிவ் ரிட்லி ஆமையின் குழி ஆழம் குறைவு, ஏறக்குறைய ஒன்றரை அடி. தோண்டத் தெரிந்த ஒரு கம்பத்து நாய்க்கு அது சில நிமிட வேலை. முழுக்கத் தோண்டவேண்டும் என்றுகூட இல்லை. மேல்மணலைக் கலைத்து வாடையைக் கிளப்பிவிட்டால் போதும், மீதியை உடும்பும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். தப்பிக் கடலுக்குப் போகும் குஞ்சுகளிலும் மிகச் சிலதான் பெரிதாகும். ஒரு பெண் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே 20, 30 வருஷம் பிடிக்கும். அதனால் ஒரு குழி போனால் போகட்டும் என்று விட முடியாது.

பறவை விஷயம் வேறு மாதிரி. ஆமைக்குக் கயிறு ஓரளவு தீர்வு. பறவைக்குக் கயிறு மட்டும் போதாது. 2007ல் சிட்னி நகரை ஒட்டிய காட்டுப் பாதைகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. கயிற்றில் கட்டிய நாயோடு ஆள் நடந்த பாதைகளில் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும், இனங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆள் மட்டும் தனியாக நடந்தபோது பாதிப்பு பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. தினமும் நாய் நடக்கிற பாதையிலும் பறவைகள் நாய்க்குப் பழகிவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாய் அவற்றுக்கு எப்போதுமே வேட்டை மிருகம்தான். நட்போடு வாலாட்டினாலும் சரி, கட்டியிருந்தாலும் சரி.

நம் மாநிலத்தில் இது பெரிதாகப் பொருந்தும் இடம் தீவில் இல்லை, அக்கரையில், செபராங் பிறையில் இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரைக்குமான சேற்றுக் கரை உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதி என்று பட்டியலிடப்பட்டது. வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் கரைப்பறவைகள் செப்டம்பர் வாக்கில் இறங்கி, ஏப்ரல் வரை அங்கே இரை தேடுகின்றன. மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்கவேண்டும். நாய் ஒருமுறை விரட்டினால் மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றிவிட்டு இறங்கும். காலையில் தின்றது அந்தப் பறப்பிலேயே கரைந்துவிடும். சனி ஞாயிறில் பாகான் ஆஜாம் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் நிறைய. போங்கள், ஆனால் நீர் வற்றி, பறவைகள் சேற்றில் மேயும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

உங்கள் சங்கத்தில் யாராவது வெளிநாட்டு உதாரணம் காட்டுவார்கள். இங்கிலாந்தில் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்க்குத் தடை, குளிர்காலத்தில் திறந்துவிடுவார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சில் சிறிய உப்புக்கொத்திப் பறவைக்காக ஒரு பகுதியை ஒதுக்கி, ஜூலை 1 முதல் மே 15 வரை அங்கே நாய் கயிற்றில்தான் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். நம் ஊருக்கு அப்படியே எடுத்துவந்தால் பொருந்தாது. பச்சைக் கடலாமை இங்கே பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஏறும், ஒலிவ் ரிட்லி செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஆமையோ அதன் முட்டையோ கரையில் இல்லாத மாதம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு, மணி நேரத்தையும் மணலின் பகுதியையும் வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பினாங்குக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

எப்படி என்று கேட்டால், கடற்கரையில் நின்று பாருங்கள். கடைசியாக ஏறிய அலை ஒரு கோடு போட்டிருக்கும், சருகும் சிப்பியும் பிளாஸ்டிக் மூடியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே கெட்டியான ஈர மணல். கோட்டுக்கு மேலே காலடி புதையும் உலர்ந்த மணல், அப்புறம் அடம்பன் கொடி, சவுக்கு மரம். கோட்டுக்குக் கீழே கருப்பன் நடக்கலாம், கோட்டைத் தாண்டி மேலே போகக் கூடாது. சாலையிலிருந்து இறங்கும்போது படிக்கட்டோ ஏற்கெனவே மிதிபட்ட பாதையோ இருக்கும், அதன் வழியாக நேராக ஈர மணலுக்குப் போய்விடுங்கள். கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். இழுக்க இழுக்க நீளும் கயிறு கடற்கரைக்கு ஆகாது. உங்கள் கை ஈர மணலில் இருக்கும், நாய் கொடிக்குள் இருக்கும்.

நேரத்துக்கு வருவோம். பலர் ஆளில்லாத வேளை என்று விடியுமுன் ஐந்தரை, ஆறு மணிக்கே போய்விடுகிறார்கள். ஆமைக்கு அதுதான் மோசமான நேரம். தாய் ஏறுவதும் குஞ்சு இறங்குவதும் இருட்டில்தான். நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. அதனால் ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு உலாவை வீட்டுத் தெருவில் முடித்துக்கொள்ளலாம். என்றைக்காவது டிராக்டர் சக்கரம் ஏறிப்போன மாதிரி கடலிலிருந்து மேலே ஒரு தடம் தெரிந்தால், கருப்பனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். தோண்டிப் பார்க்கவேண்டாம், தடத்தை மிதிக்கவேண்டாம். தள்ளி நின்று படம் எடுத்து மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். முட்டைகளை எப்படிப் பாதுகாப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் கருப்பன் ஓடவே கூடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓடட்டும், ஆனால் வேலி உள்ள இடத்தில். வீட்டு முற்றத்திலோ, நாய்களுக்கென்றே அடைத்த திடலிலோ. கடற்கரை அதற்கு நடக்கவும், மோப்பம் பிடிக்கவும், உங்களோடு கால் நனைக்கவும் கிடைக்கிற இடம். ஒரு நாய்க்கு அரை மணி நேர மோப்பம் தரும் திருப்தி சாதாரணமானதல்ல. ஒரு மருத்துவராகவும் எனக்குக் கயிறுதான் நிம்மதி. கரையில் ஒதுங்கும் புந்தால் (பேத்தை) என்ற நச்சு மீனை ஒரு வாய் கடித்தாலே நாயின் உயிருக்கு ஆபத்து. தூண்டில் முள்ளை விழுங்கிய நாய்கள், உப்பு நீரைக் குடித்துக் குடித்து வயிற்றுப்போக்கில் சுருண்ட நாய்கள், ஜெல்லி மீன் பட்டு மூக்கு வீங்கிய நாய்கள் என்று மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் அவிழ்த்து விட்டவைதான்.

மலம் அள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அக்கறையுள்ளவர்களே இதில் தவறிவிடுகிறார்கள். பையில்லாதபோது காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு வருகிறார்கள். நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழு முட்டைக்கு வேண்டியது ஈரமும் நிழலும் கதகதப்பும். திறந்த வெயிலில் காய்ந்தால் அதிலிருந்து வரும் புழு செத்துப்போகும். மண்ணுக்குள் மூடினால் நாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, அடுத்த ஒரு வாரம் பத்து நாளில் புழு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அங்கே மணல்வீடு கட்டும் பிள்ளையின் பாதத்தில் ஏறி, தோலுக்கடியில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடு போட்டபடி ஊரும், அரிப்பு தாங்காது. ஆகவே பையைக் கையில் மாட்டி, மலத்தோடு அடியில் ஒரு பிடி மணலையும் சேர்த்து அள்ளி, முடிச்சுப் போட்டு வீட்டுக் குப்பைக்குக் கொண்டுவாருங்கள். சவுக்கு மரக் கிளையில் தொங்கவிடுவது, கால்வாயில் எறிவது இரண்டும் கடைசியில் கடலுக்குத்தான் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கழுத்தில் சொட்டு விடும் மருந்துகளில் பிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் போன்றவை இருக்கும். பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டையும் இறாலையும் சும்மா விடாது. இங்கிலாந்தில் ஆற்று நீரைச் சோதித்தபோது கிட்டத்தட்ட எல்லா மாதிரிகளிலும் பிப்ரோனில் இருந்தது, நாய் பூனை மருந்துதான் முக்கியக் காரணமாக இருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். கருப்பன் தண்ணீரில் இறங்குகிற நாய் என்றால் சொட்டு மருந்தை விட்டு மாத்திரைக்கு மாறுங்கள். எது பொருந்தும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தடுப்பூசியும் சுற்றுச்சூழல் விஷயம்தான். உங்கள் வடக்குக் கரையில் நீர்நாய்க் குடும்பங்கள் வந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் நோய் அவற்றுக்கும் தொற்றும். வருஷா வருஷம் ஊசி போட்ட நாய் அந்த நோயைக் கரைக்குக் கொண்டுபோகாது. நீர்நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுங்கள். குட்டிகளோடு இருக்கும்போது கூட்டமாகச் சேர்ந்து நாயைக் கடித்துக் குதறவும் அவற்றால் முடியும்.

இனி முழுத் தடை. அது வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாய் வைத்திருக்கிறவர்கள் அதிகாரி இல்லாத வேளையில், இருட்டில், கண்ணுக்கு மறைவான சின்னச் சின்னக் குடாக்களில் கொண்டுபோய் அவிழ்த்து விடுவார்கள். ஆமை விரும்புகிற நேரமும் இடமும் அவைதான். இன்று ஒளிவுமறைவில்லாமல் நடப்பவர்கள் நாளை ஒளிந்து நடப்பார்கள், தடம் பார்த்தால் சொல்லவும் மாட்டார்கள். காலையில் கரையில் நடக்கும் நாய்க்காரர்களைக் கடற்கரைக்குக் காவலாக வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதோடு போய்விடும்.

"கடலையே தூர்க்கிறார்களே" என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நிலமீட்பும், கரையோர விளக்குகளும், கழிவு நீரும் நாயைவிடப் பல மடங்கு சேதம் செய்கின்றன. அதை எதிர்த்து மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூட்டத்தில் நாய்க்கு வக்காலத்தாக அதைச் சொல்லாதீர்கள். அந்தத் திட்டங்களை நிறுத்த வருஷக்கணக்கில் போராடவேண்டும். கயிற்றைப் பிடிப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது.

மனுவில் எழுதாவிட்டாலும் மனதில் இருக்கும் இன்னொரு காரணத்தையும் பேசவேண்டும். நம் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவிச் சுத்தம் செய்யவேண்டிய மார்க்கக் கடமை இருக்கிறது, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். கடலில் நனைந்த நாய் பக்கத்தில் வந்து உடம்பை உதறினால் அவர்களுடைய குடும்ப உலாவே கெட்டுப்போகும். இது வெறுப்பு இல்லை. எதிரே குடும்பம் வந்தால் நீங்களே தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கி, கயிற்றைச் சுருக்கிப் பிடித்து நில்லுங்கள். பள்ளி விடுமுறையிலும் ஞாயிறு காலையிலும் கரையை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். பல வருஷமாக நான் கண்டது, இந்த மரியாதையைக் காட்டுகிறவர்களை யாரும் விரட்டுவதில்லை.

தெரு நாய்களையும் சேர்த்துப் பேசாவிட்டால் கூட்டம் முழுமையாகாது. இரவெல்லாம் கரையில் சுற்றுவது அவைதான், வளர்ப்பு நாயைவிட ஆமைக் குழிக்குப் பெரிய ஆபத்தும் அவற்றால்தான். 2015ல் வெறிநாய்க்கடி நோய் பினாங்குக்கு வந்தபோது தெரு நாய்களைக் கொல்லும் உத்தரவு போட்டு, ஊரே இரண்டுபட்டது நினைவிருக்கும். அந்த நிலைக்கு மறுபடி போகக் கூடாது என்றால் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதற்குச் சங்கமே பணம் திரட்டவேண்டும். கடற்கரையில் சோறு வைக்கும் நல்ல மனிதர்களிடம், உணவை மணலிலிருந்து தள்ளி, குடியிருப்புப் பக்கம் ஓரிடத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கவேண்டாம், மூன்றாவது மனு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஏழரை முதல் ஒன்பது வரை, ஈர மணலில் மட்டும், குட்டைக் கயிற்றில் நாய்க்கு அனுமதி. ஆமை முட்டையிட்ட பகுதி தெரிந்தால் குஞ்சு பொரித்து முடியும்வரை அந்தத் துண்டுக் கரை நாய்க்கு மூடல். சேற்றுக் கரையில் அறவே கிடையாது. நுழைவழியில் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் படத்தோடு ஒரு பலகை. ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி கூடிப் பேசலாம். மாநகர் மன்றத்துக்கு எழுதும்போது மீன்வளத் துறைக்கும் ஒரு நகல் வையுங்கள். மன்றம் ஏற்கெனவே நாயைத் தடுத்துப் பலகை வைத்திருக்கும் இடத்தில், அனுமதி வரும்வரை அந்தப் பலகையே செல்லும். மனுவில் கையெழுத்திடும் ஒவ்வொரு நாய்க்காரரும் மன்ற லைசன்ஸ் நகலையும் தடுப்பூசி அட்டை நகலையும் இணைக்கட்டும். கருப்பனுக்கு இந்த வருஷ லைசன்ஸ் எடுத்தாயிற்றா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.